பணம் வந்துவிட்டது, நியூயார்க் வரைக்கும்

ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி, மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வட்டாரங்களில் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் அனுப்பும் பணத்துக்குக் காத்திருக்கும் வீட்டாருக்கு ஒரு திறந்த மடல்



“போன வாரமே அனுப்பிட்டேம்மா, என் கணக்குல பிடிச்சுட்டாங்க” என்று மகன் மஸ்கட்டிலிருந்து சத்தியம் பண்ணுகிறான். “இங்க எதுவும் வரலையே” என்று கவுண்டரில் இருக்கும் பெண் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பியே காட்டிவிடுகிறார். நடுவில் நிற்பது நீங்கள். நடவு ஆட்களுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். அல்லது அன்றைக்குத்தான் நகைக்கடன் தவணை முடிகிறது. இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று தோன்றத்தான் செய்யும். யாரும் பொய் சொல்லவில்லை. பணம் வந்துவிட்டது. உங்கள் வங்கியின் பெயருக்கே வந்துவிட்டது. ஆனால் நியூயார்க்கில் இருக்கிறது.

கும்பகோணத்தில் ஒரு வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்த விஷயத்தைக் கவுண்டரில் நின்று விளக்க யாருக்கும் நேரமிருக்காது. பின்னால் பென்ஷன் வரிசை நீளும். அதனால்தான் இந்த மடல்.

மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை தாண்டி, வெண்ணாறு, வெட்டாறு என்று பிரிந்து, வாய்க்கால் வழியாகக் கடைமடைக்கு வந்து சேர்கிற மாதிரி, மகன் கட்டிய பணமும் மஸ்கட்டிலிருந்து ஓடி வருகிறது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பணம் அப்படி ஓடுவதில்லை. நாடு விட்டு நாடு வருவது செய்தி மட்டும்தான். பணம் இருந்த ஊரிலேயே இருக்கும். யார் கணக்கில் இருக்கிறது என்பதுதான் மாறும்.

நம் வங்கிகள் நியூயார்க், லண்டன், ஃபிராங்க்ஃபர்ட், சிங்கப்பூர் என்று அந்தந்த நாணயத்துக்கு உரிய ஊரில் ஒரு கணக்கு வைத்திருக்கின்றன. சொந்தக் கிளை இருந்தால் அங்கே. இல்லையென்றால் இன்னொரு வங்கியில். நீங்கள் நம் வங்கியின் வாடிக்கையாளர், நம் வங்கி அந்த வங்கியின் வாடிக்கையாளர். இந்தக் கணக்குக்கு வங்கிக்காரர்கள் வைத்த பெயர் நோஸ்ட்ரோ. எதிர்ப்பக்கத்தில், வெளிநாட்டு வங்கியோ பணம் அனுப்பும் நிறுவனமோ நம் வங்கியில் ரூபாயில் வைத்திருக்கும் கணக்கு வோஸ்ட்ரோ. இந்த இரண்டும் நினைவில் இருந்தால் போதும், மிச்சமெல்லாம் பற்று வரவுதான். ஸ்விஃப்ட், ஸ்விஃப்ட் என்று கேட்டிருப்பீர்கள். அது 1973-இல் பெல்ஜியத்தில் வங்கிகள் கூட்டாகத் தொடங்கிய செய்தி அமைப்பு. அதன் வழியாக ஒரு காசுகூடப் போவதில்லை. ‘இன்னார் கணக்கில் இவ்வளவு வரவு வையுங்கள்’ என்ற உத்தரவு மட்டும் போகும்.

இதில் புதுமை ஒன்றும் கிடையாது. நமக்குத் தெற்கே அடுத்த சீமைக்காரர்களான நகரத்தார் ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் கடை வைத்திருந்த காலத்தில் நடந்ததும் இதுதான். ரங்கூன் கடையில் பணத்தைக் கட்டினால் ஓர் உண்டியல் எழுதிக் கொடுப்பார்கள். அதை ஊரில் இருக்கும் கடையில் காட்டினால் பணம் கிடைக்கும். கப்பலில் ரூபாய் மூட்டை வரவில்லை. இங்கே பேரேட்டில் ஒரு வரி, அங்கே பேரேட்டில் ஒரு வரி, அவ்வளவுதான். நம் பக்கத்திலும் கடல் கடந்து போனவர்கள் உண்டு: நெல் விளையும் சீமை என்று பெயர் வாங்கிய தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்துதான் மலேயாத் தோட்டங்களுக்குக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறினார்கள். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன ரஜூலா கப்பலைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். 1973 வரைக்கும் ஓடியது அது.

வெள்ளைக்காரர் ஆண்ட அந்தக் காலத்தில் அந்நியச் செலாவணி வியாபாரம் பெரும்பாலும் ஆங்கிலேய வங்கிகள் கையில். அதில் நம்மவர்கள் கால் வைத்த விதத்தைப் பாருங்கள். இந்தியன் வங்கி 1932-இலேயே கொழும்பில் கிளை போட்டது. எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10-ஆம் தேதி இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கதவைத் திறந்தார், அடுத்து பினாங்கு. அவருக்குத் தெரிந்திருந்த விஷயம் இதுதான்: இரண்டு முனையிலும் பேரேடு நம்முடையதாக இருந்தால் யாரையும் கேட்டு நிற்க வேண்டாம். அடுத்தவர் வங்கியில் கணக்கு வைத்தால் அவர் கடை திறந்திருக்கும் நேரத்தில்தான் நம் வேலை நடக்கும், அவர் கேட்கும் கட்டணத்தையும் கொடுக்க வேண்டும். எல்லா ஊரிலும் கிளை போட எந்த வங்கியாலும் முடியாது என்பதால் இன்று உலகமே பெரும்பாலும் அடுத்தவர் வங்கிக் கணக்கில்தான் ஓடுகிறது.

இப்போது மஸ்கட்டுக்கு வருவோம். மகன் அங்கே தன் வங்கியிலிருந்து 1,000 அமெரிக்க டாலர் அனுப்புகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை வேலை முடிந்து ரூமுக்கு வந்து, மாலையில் போனிலேயே அனுப்பிவிட்டான். அவன் ரியால் கணக்கில் அப்போதே பற்று விழுந்துவிட்டது. ஸ்கிரீன்ஷாட்டும் உங்களுக்கு வந்துவிட்டது. ஆனால் ஓமானில் வெள்ளி, சனி விடுமுறை. அன்றைய நேரம் தாண்டிப் போட்ட உத்தரவை அவன் வங்கி ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பார்க்கிறது. டாலர் என்றால் நியூயார்க்கில்தான் கைமாற வேண்டும். அங்கே ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை நியூயார்க் வங்கி திறக்கும்போது நமக்கு மாலை ஆறரை, ஏழரை ஆகியிருக்கும். மஸ்கட் வங்கியின் நியூயார்க் கணக்கில் பற்று, நம் வங்கியின் நியூயார்க் கணக்கில் வரவு. இரண்டும் வேறு வேறு வங்கிகளில் இருந்தால் அவர்கள் தங்களுக்குள் கணக்குத் தீர்க்கும் வேலை வேறு. செவ்வாய்க்கிழமை காலையில் நம் தலைமை அலுவலகத்துக்கு அந்த வரவின் விவரம் கிடைத்து, உங்கள் பெயருக்கு வந்த ஸ்விஃப்ட் செய்தியோடு பொருத்திப் பார்த்து, அன்றைய விலைக்கு டாலரை ரூபாயாக்கி, உங்கள் கிளைக் கணக்கில் வைக்கிறார்கள். இதில் யாரும் தூங்கவில்லை. செப்டம்பர் முதல் திங்கட்கிழமையாக இருந்தால் அமெரிக்காவில் தொழிலாளர் தினம், புதன்கிழமைதான். நீங்கள் சம்பா நாற்றுக்கு ஆள் சொல்லிவைத்திருக்கும் நேரம் அது என்பது நியூயார்க்குக்காரனுக்கு எப்படித் தெரியும்?

ஆனால் நம் பக்கத்திலும் சோம்பல் உண்டு. நோஸ்ட்ரோ கணக்கில் விழுந்த வரவை நாள் முடிவில் வரும் அறிக்கையை வைத்து மறுநாள் சரிபார்ப்பது பல வங்கிகளின் பழக்கம். இதைத்தான் ரிசர்வ் வங்கி 2025 அக்டோபர் கடைசியில் வெளியிட்ட வரைவில் சுட்டிக்காட்டியது: உடனுக்குடன் பார், முடியாவிட்டால் அரை மணிக்கு ஒரு தடவையாவது பார், செய்தி வந்த கையோடு வாடிக்கையாளருக்குத் தெரிவி என்று. நான் வேலையில் இருந்தபோது இப்படி ஓர் உத்தரவு வந்திருந்தால் முணுமுணுத்திருப்போம். ஆனாலும் நியாயமான யோசனைதான்.

அடுத்து, குறைந்து வருகிற பணம். அனுப்பியது 1,000 டாலர், ரூபாயாக மாறியதோ 980 டாலருக்குத்தான் என்றால், நடுவில் இருந்த வங்கி ஒன்று தன் கட்டணத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது. அனுப்பும்போதே ‘கட்டணம் முழுக்க நான் கட்டுகிறேன்’, ‘அவரவர் பக்கத்துக் கட்டணம் அவரவர்’, ‘வாங்குபவர் கட்டட்டும்’ என்று மூன்று வழி கேட்பார்கள். பையன்கள் அதைப் படிப்பதில்லை. முதலில் கண்ணில் படுவதைத் தட்டிவிடுகிறார்கள். பாஸ்புக்கில் ஜிஎஸ்டி என்று ஒரு சின்னத் தொகை பிடித்திருந்தால் பயப்படாதீர்கள். நாணயம் மாற்றுவதற்கான வரி அது. ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும் 45 ரூபாய்க்குக் குறையாது, 180 ரூபாயைத் தாண்டாது. உண்மையான இழப்பு இந்த இரண்டிலும் இல்லை, டாலருக்கு என்ன விலை போட்டார்கள் என்பதில் இருக்கிறது. ‘கட்டணமே கிடையாது’ என்று போர்டு மாட்டியிருக்கும் கடையில் அதை விலையில் எடுத்துக்கொள்வார்கள். எத்தனை ரூபாய் கைக்கு வந்தது என்பதை மட்டும் வைத்து ஒப்பிடுங்கள்.

பெயர் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் நம்மூர்ப் பணம் அதிகம் சிக்குவது இங்கேதான். பாஸ்புக்கில் ‘ஆர். கலாவதி’. மகன் பாஸ்போர்ட்டில் தன் பெயரோடு அப்பா பெயரைச் சேர்த்துப் பழகியவன். அம்மா பெயரையும் ‘கலாவதி ராமசாமி’ என்று போட்டு அனுப்புகிறான். கடைசி எழுத்துக்கு ஆங்கிலத்தில் ஐ போடுவதா, ஒய் போடுவதா என்பது தனிப் பஞ்சாயத்து. எண் சரியாக இருந்தாலும் பெயர் ஒத்துப்போகவில்லை என்றால் வங்கி நிறுத்திவைத்து, அனுப்பிய வங்கிக்கு விளக்கம் கேட்டு எழுதும். அதற்கு நான்கு நாள். அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர் வீட்டாருக்கு இன்னொரு தொந்தரவும் உண்டு. செய்தியில் இருக்கும் ஒவ்வொரு பெயரையும் வழியில் உள்ள வங்கிகளின் கம்ப்யூட்டர் தடைப் பட்டியல்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஊருக்கு நூறு பேருக்கு இருக்கும் பெயர் என்றால் யாரோ ஒருவர் பெயரோடு ஒத்துப்போய் நின்றுவிடும். பிறகு ஓர் ஆள் உட்கார்ந்து, பிறந்த தேதி, முகவரி பார்த்து விடுவிக்க வேண்டும். இதில் அவமானப்பட எதுவுமில்லை. ஆனால் எரிச்சல் நியாயம்தான். முகவரியை முழுசாக, கதவு எண்ணோடு கொடுத்தால் சீக்கிரம் விடுவிப்பார்கள். ஐஎஃப்எஸ்சி எண் வெளிநாட்டிலிருந்து வரும் செய்திக்குப் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்விஃப்ட் கோடு எல்லாக் கிளைக்கும் இருக்காது. தலைமை அலுவலகத்தின் கோடோ ஃபாரெக்ஸ் கிளையின் கோடோ எது என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

“சிங்கப்பூர்ல செராங்கூன் ரோட்டுக் கடையில கட்டினா பத்து நிமிஷத்துல வந்துடுதே, அது எப்படி?” என்று கேட்பீர்கள். அங்கே பணம் வேகமாகப் பறப்பதால் இல்லை. அது ஏற்கெனவே இங்கே இருந்ததால். ரிசர்வ் வங்கி அனுமதியோடு வளைகுடா, சிங்கப்பூர், மலேசியாப் பணப் பரிமாற்ற நிறுவனங்கள் நம் வங்கிகளில் ரூபாய்க் கணக்கு வைத்திருக்கின்றன. முன்னே சொன்ன வோஸ்ட்ரோ இதுதான். பல நிறுவனங்கள் அதில் முன்கூட்டியே பணம் போட்டுவைக்கும். உங்கள் பிள்ளை அங்கே வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டியதும், இங்கே இருக்கும் ரூபாயிலிருந்து உங்களுக்கு மாற்றச் சொல்லிச் செய்தி அனுப்புகிறார்கள். உள்நாட்டுப் பரிமாற்றம்தான் அது. விடுமுறை நாள் பார்க்காது. 2023 பிப்ரவரி 21-ஆம் தேதி முதல் நம் யுபிஐயும் சிங்கப்பூரின் பேநவ்வும் இணைந்து, போன் நம்பருக்கே பணம் அனுப்பலாம் என்று ஆனது. தொடக்கத்தில் ஒரு நாளைக்கு 60,000 ரூபாய் வரைதான் என்று வைத்தார்கள். குடும்பச் செலவுக்குப் போதும். மாதாமாதம் அனுப்பும் பணத்துக்கு இந்த இரண்டு வழியும் நல்ல வழி. நிலம் வாங்க, வீடு கட்ட என்று பெரிய தொகையா? வங்கி மூலம், மகன் பெயரில் உள்ள, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்ஆர்இ கணக்குக்கு வரட்டும்.

இனி, நீங்கள் என்னிடம் கேட்கத் தயங்கும் விஷயத்துக்கு வருகிறேன். உண்டியல்காரர். போன் செய்தால் போதும், அன்று மாலையே வீட்டுக்கு ஆள் வந்து கொடுத்துவிட்டுப் போகிறார், வங்கியைவிட விலையும் கொஞ்சம் கூட. அவரும் பற்று வரவில்தான் வேலை செய்கிறார். அங்கே ஒரு நோட்டு, இங்கே ஒரு நோட்டு. செட்டியார் காலத்து முறைதான், நாணயமாகவும் நடந்துகொள்வார், மறுக்கவில்லை. ஆனால் செட்டியார் கடையின் பேரேடு கேட்டால் காட்டக்கூடிய பேரேடு. இவருடைய நோட்டில் மறுபக்கத்தைச் சரிக்கட்டுவது கடத்தல் தங்கமா, வரி கட்டாத பணமா, யாரோ ஒருவரை ஏமாற்றிப் பிடுங்கிய பணமா என்பது உங்களுக்குத் தெரியாது. சில சமயம் அவருக்கே தெரியாது. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி இப்படி வாங்குவதும் சட்டமீறல். தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் போடலாம். இப்போது கையில் ரொக்கமாகக் கொடுப்பதும் குறைந்துவிட்டது; யாரோ முன்பின் தெரியாதவர் கணக்கிலிருந்து உங்கள் கணக்கில் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கணக்கு சைபர் மோசடிக்காரர்களுடையதாக இருந்தால், எங்கோ ஒரு மாநிலத்துப் போலீஸ் எழுதிய கடிதத்தில் உங்கள் கணக்கு முடங்கும். பையன் வெயிலில் நின்று சம்பாதித்த பணம் என்பதற்கு உங்களிடம் ஒரு துண்டுச் சீட்டு இருக்காது. நெல் போட்ட பணமும் அதே கணக்கில் மாட்டிக்கொள்ளும். விலையில் கிடைத்த சில நூறு ரூபாய்க்கு இது கட்டுப்படியாகாது.

நோஸ்ட்ரோ கணக்கு வற்றிப்போனால் ஒரு நாடு என்ன ஆகும் என்பதை வேதாரண்யத்துக்கு அக்கரையிலேயே பார்த்தோம். 2022 தொடக்கத்தில் கொழும்பு வியாபாரியிடம் ரூபாய் இருந்தது. அவர் வங்கியிலும் ரூபாய் இருந்தது. வங்கியின் வெளிநாட்டுக் கணக்கில் டாலர் இல்லை. துறைமுகத்தில் அத்தியாவசியச் சரக்கோடு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கன்டெய்னர்கள் பணம் கட்டி எடுக்க ஆளில்லாமல் நின்றன. இங்கிருந்து சரக்கு அனுப்பியவர்களும் பணத்துக்குக் காத்திருந்தார்கள். இந்தியா, இலங்கை உள்ளிட்ட நாடுகள் தங்கள் வர்த்தகத்தை நேர்செய்துகொள்ள 1974-இல் தொடங்கிய ஆசியத் தீர்வக ஒன்றியத்தின் வழியே பணம் வராது என்றான பிறகு, 2022 ஜூலை 8-ஆம் தேதி ரிசர்வ் வங்கி அதற்கு வெளியே கணக்குத் தீர்க்க அனுமதித்தது. மூன்றே நாளில், ஜூலை 11 அன்று, வெளிநாட்டு வங்கிகள் இங்கே சிறப்பு வோஸ்ட்ரோ கணக்கு திறந்து ரூபாயிலேயே வர்த்தகம் செய்யலாம் என்ற சுற்றறிக்கையும் வந்தது. இலங்கை வங்கிகளும் திறந்தன. இதற்கெல்லாம் முன்பே தமிழ்நாடு அரசு 40,000 டன் அரிசி அனுப்ப முடிவு செய்தது. அது உதவி; கணக்கில் வராது.

நம் வங்கிகளின் டாலர் கணக்கு அப்படி வற்றாமல் இருப்பதற்கு உங்கள் பிள்ளைகளும் ஒரு காரணம். 2023-24-இல் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பணம் 11,870 கோடி டாலர். ரிசர்வ் வங்கியின் கணக்கெடுப்பின்படி அதில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலே தமிழ்நாட்டுக்கு வந்தது. மகாராஷ்டிரம், கேரளத்துக்கு அடுத்து நாம்தான். மகன் அனுப்பிய 1,000 டாலரை உங்களுக்கு ரூபாயாகக் கொடுத்துவிட்டு, அந்த டாலரை நம் வங்கி நியூயார்க்கிலேயே வைத்துக்கொள்கிறது. பிறகு இறக்குமதிக்காரருக்கு விற்கிறது. நீங்கள் வயலுக்குப் போடும் பொட்டாஷ் ஏறக்குறைய முழுக்க வெளிநாட்டுச் சரக்கு. யூரியாவில் ஒரு பகுதி ஓமானிலிருந்தே வருகிறது. அதற்கெல்லாம் பணம் போவது இந்த மாதிரிக் கணக்குகளிலிருந்துதான். ஆகவே வங்கிக்குள் போகும்போது யாசகம் கேட்கிற மாதிரி ஒதுங்கி நிற்க வேண்டாம். அந்தக் கணக்கில் வரவு வைத்தவர்கள் உங்கள் வீட்டுப் பிள்ளைகள்.

அதற்காகக் கவுண்டரில் இருக்கும் பெண்ணிடம் சண்டைக்கும் போகாதீர்கள். அவர் திரையில் நியூயார்க் கணக்கு தெரியாது. தலைமை அலுவலகத்தின் ஃபாரெக்ஸ் பிரிவுக்குத்தான் தெரியும். ‘பணம் வந்துச்சா?’ என்று கேட்டால் ‘வரலை’ என்பதைத் தவிர அவரால் வேறு சொல்ல முடியாது. கேள்வியை மாற்றிக் கேளுங்கள். ஸ்விஃப்டில் போகும் ஒவ்வொரு பணத்துக்கும், நடுவில் வரும் கோடுகளையும் சேர்த்து 36 குறிகள் கொண்ட ஓர் அடையாள எண் உண்டு. யுஇடிஆர் என்பார்கள். மகன் தன் வங்கியில் கேட்டால் கொடுப்பார்கள். அதை ஒரு தாளில் எழுதி, அனுப்பிய தேதி, நாணயம், தொகையோடு மேனேஜரிடம் கொடுத்து, ‘நம் நோஸ்ட்ரோவில் இது எந்தத் தேதியில் வரவாகியிருக்கிறது என்று ஃபாரெக்ஸ் பிரிவில் கேட்டுச் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். வரவாகவில்லை என்றால் தகராறு மஸ்கட்டிலோ வழியிலோ இருக்கிறது. மகன் அங்கே கேட்கட்டும். வரவாகி நாள்கள் கடந்திருந்தால் தாமதம் நம் வங்கியுடையது. எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தியாக இல்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். விவரம் கேட்க 14448 என்ற எண்ணுக்குப் போன் பண்ணுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பக்கத்து ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்,
கும்பகோணம்